பெர்பீஸ் யாத்திரை

மேற்கிந்தியத் தீவுகள் என்னும் பெயர் பூண்ட கிரிக்கெட் அணியினர் அனைவரும் தீவுவாசிகளே என்று எண்ணியிருப்பவர்கள், அந்த அணிக்கு ரோஹன் கான்ஹாயையும் கிளைவ் லாயிடையும் லான்ஸ் கிப்ஸையும் சிவநாராயண் சந்தர்பாலையும் ஈந்த கயானா ஒரு தீவே அன்று, தென் அமெரிக்கக் கண்டத்தின் வட கரையில் வெனிசுவேலாவுக்கும் சுரிநாமுக்கும் இடையே கிடக்கும் பெருநிலம் என்று கேள்விப்பட்டால் சிறிது திகைக்கத்தான் செய்வார்கள். பரப்பில் அது இங்கிலாந்தைக் காட்டிலும் பெரியது. ஜனத்தொகையோ எட்டு லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. உள்நாடு முழுவதும் அடர்ந்த கானகமாக இருக்க, மக்களில் பெரும்பாலோர் அட்லாண்டிக் கடலோரத்தில் நாடாப்போல் ஓடும் ஒடுங்கிய சமவெளியிலேயே வசிக்கிறார்கள். அந்தச் சமவெளியில் கரும்பும் நெல்லும் விளைகின்றன. கரும்புக்கும் நெல்லுக்கும் இடையில் அகப்பட்ட புல்தரைகளில் எல்லாம் கிரிக்கெட் விளைகிறது.

2024-ஆம் வருஷத்து இருபது ஓவர் உலகக் கோப்பைப் பந்தயங்களில் இந்தியா அரையிறுதிக்கு வருமானால் அந்த ஆட்டம் கயானாவில்தான் நடக்கும் என்று முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருந்தது. அங்கே காலை பத்தரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நம் தேசத்தில் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தெரியும் என்ற வியாபார சௌகரியமே அதற்குக் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காரணம் எதுவானாலும் எனக்கு அது அதிர்ஷ்டமாகவே அமைந்தது. கிரிக்கெட் அபிமானத்தின் பேரில் கடல் கடக்கும் நம்மவர்களில் அநேகர் விமான நிலையம், விடுதி, மைதானம் ஆகிய மூன்று புள்ளிகளுக்கு இடையே வாடகைக் காரில் ஓடிவிட்டு, எந்த ஊருக்குப் போய் வந்தோம் என்பதையே ஆட்டத்தின் முடிவைக் கொண்டுதான் நினைவு வைத்திருப்பார்கள். அப்படிப் போவதைவிட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வானொலி கேட்பது மேல் என்பது என் கட்சி. ஆகையால் ஆட்டத்தைப் பார்த்த பிறகும் சில தினங்கள் தங்கி, பெர்பீஸ் நதிக்கு அப்பால் இருக்கும் போர்ட் மோரண்ட் என்ற கரும்புத் தோட்டக் கிராமத்தைத் தரிசித்துவிட்டே திரும்புவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

தலைநகரமான ஜார்ஜ்டவுனுக்கு நாற்பது கிலோமீட்டர் தெற்கே, தேசத்தின் ஜனாதிபதியாக இருந்த செத்தி ஜகனின் பெயரைத் தாங்கிய விமான நிலையத்தில் இறங்கி, டெமராரா நதியை ஒட்டியே வடக்கு நோக்கி வரும்போது, நகரம் நெருங்க நெருங்க நீர் அதிகமாகிக்கொண்டே வருவதைக் கண்டேன். தெருவின் ஓரத்தில் வாய்க்கால். அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு மரப்பாலம். வீடுகளோ தரையில் நில்லாமல் உயரமான கால்களின் மேல் ஏறி நிற்கின்றன. கடல் பொங்கும் வேளையில் நகரம் கடலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. டச்சுக்காரர்கள் தங்கள் தாய்நாட்டுச் சாமர்த்தியத்தை இங்கே கொண்டுவந்து, கடலுக்கு ஒரு சுவரும், உள்நாட்டுச் சதுப்பு நீருக்கு ஒரு கரையும் எழுப்பி, நடுவிலே அகப்பட்ட நிலத்தில் வாய்க்கால்கள் வெட்டி, அவற்றின் முகத்துவாரங்களில் மதகுகளை வைத்தார்கள். கடல் வற்றும்போது மதகைத் திறந்து நீரை வெளியேற்றி, கடல் ஏறும்போது அடைத்துவிட வேண்டும். அந்த மதகுகளும் அவற்றைக் காப்போரும் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் சாமர்த்தியம் டச்சுக்காரருடையதாக இருந்தாலும் மண்வெட்டி பிடித்த கைகள் அவர்களுடையவை அல்ல. கயானாவின் சரித்திராசிரியரான வால்டர் ராட்னி இதை மறக்கவொண்ணாத முறையில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்: ஒரு சதுர மைல் கரும்பு பயிரிடுவதற்கு 49 மைல் வடிகால்களும் 16 மைல் பாசன, போக்குவரத்துக் கால்வாய்களும் வேண்டும் என்று 1948-இல் அமைந்த சர்க்கரைக் கமிஷன் கண்டதை எடுத்துக்கொண்டு, இதற்காக ஆப்பிரிக்க அடிமைகள் வெறும் மண்வெட்டியால் பத்துக் கோடி டன் ஈரக் களிமண்ணைப் பெயர்த்திருக்கிறார்கள் என்கிறார் அவர். அடிமைத்தனம் நீங்கிய பிறகு, 1838-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி, விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. பின்னாளில் பிரிட்டனின் பிரதம மந்திரியாக விளங்கிய கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளிதான் அந்த ஏற்பாட்டுக்கு மூல புருஷர். 1917 வரையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அவ்வாறு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் வட இந்தியாவிலிருந்து கல்கத்தா வழியாகவும், ஒரு சிறு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவும் வந்தவர்கள். இன்று தேசத்தின் ஜனங்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் அவர்களுடைய சந்ததியார்.

ஜார்ஜ்டவுனில் பார்க்கத் தக்கவை என்று வழிகாட்டிகள் கூறும் ஸ்டாப்ரோக் அங்காடியின் இரும்புக் கோபுரக் கடிகாரத்தையும், முற்றிலும் மரத்தால் எழும்பி நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தையும் பார்த்தேன். பிந்தியது உண்மையில் அற்புதமான கட்டடம். உள்ளே நின்று அண்ணாந்தால் ஒரு பெரிய கப்பலைக் கவிழ்த்து வைத்து அதன் வயிற்றுக்குள் நிற்பது போன்ற பிரமை உண்டாகிறது. எண்ணெய் கிடைத்த புதுப் பணத்தில் எழும்பிவரும் கண்ணாடி மாளிகைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. அவை எந்த ஊரிலும் இருக்கும்.

போர்டா மைதானத்தைத்தான் நான் நெடுநேரம் சுற்றி வந்தேன். 1858-இல் ஏற்பட்ட ஜார்ஜ்டவுன் கிரிக்கெட் கிளப்புக்குரிய அந்த மைதானத்தைச் சுற்றி, கோட்டையைச் சுற்றி அகழி ஓடுவதுபோல் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் ஒரே டெஸ்ட் மைதானம் என்று அதற்கு ஒரு பிரசித்தி உண்டு. இப்போது பெரிய ஆட்டங்கள் எல்லாம் வேறிடம் போய்விட்டமையால், மர மாடங்களில் வர்ணம் மங்கி, புல்லை மட்டும் யாரோ சிரத்தையாகப் பேணி வருகிறார்கள். இங்கேதான் 1930-ஆம் வருஷம் பிப்ரவரியில் மேற்கிந்திய அணி தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தது. அந்நாளில் ஆட்டம் எந்தக் காலனியில் நடக்கிறதோ அந்தக் காலனிக்காரரையே தலைவராக வைப்பது வழக்கமாதலால், மாரியஸ் பெர்னாண்டஸ் என்ற உள்ளூர்க்காரர் தலைமை வகித்தார். டிரினிடாடின் கிளிஃபர்ட் ரோச் 209 ஓட்டங்களும், இருபது வயதே ஆன ஜமைக்காவின் ஜார்ஜ் ஹெட்லி இரு இன்னிங்ஸ்களிலும் சதமும் எடுத்து இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள். நமக்கும் இந்த மைதானத்தோடு ஒரு பந்தம் உண்டு. சுனில் கவாஸ்கர் தம் முதல் டெஸ்ட் சதத்தை 1971-இல் இங்கேதான் அடித்தார், 116 ஓட்டங்கள். வாயிற்காப்போனிடம் அதைச் சொன்னபோது, அது தனக்குத் தெரியாத விஷயமா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 2003-இல் சந்தர்பால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 69 பந்துகளில் சதம் போட்டதைத் தான் எந்த மூலையிலிருந்து பார்த்தேன் என்று கையை நீட்டிக் காட்டினான்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கு உடையவர் ஆப்பிரிக்க வம்சத்தவரான ஒரு மூதாட்டி; பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரார் அனைவரையும்போல் நானும் அவரை ஆண்டி என்றே அழைத்தேன். ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு, அரிசியையும் பயற்றையும் தேங்காய்ப் பாலில் ஒன்றாக வேகவைத்து இறக்கும் 'குக்கப்' என்ற சாதத்தைப் பரிமாறிக்கொண்டே அவர், "நாளைக்கு நான் இங்கிலாந்துக்குத்தான் கைதட்டப் போகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றார். நான் சிரித்துக்கொண்டே காரணம் கேட்டேன். "எல்லோரும் ஒரே பக்கம் கத்தினால் அது என்ன விளையாட்டு? பார்க்கப்போனால், எங்கள் பையன்கள் தோற்று வெளியேறிய பிறகு எனக்கு யார் ஜெயித்தால் என்ன!" என்று கூறிவிட்டு மேலும் ஒரு கரண்டி சாதத்தை இட்டார். மேற்கிந்திய அணி சில தினங்களுக்கு முன்தான் தென் ஆப்பிரிக்காவிடம் தோற்றிருந்தது; அந்தத் துக்கம் ஊரில் இன்னும் ஆறவில்லை. அவருடைய பேச்சில் விளையாட்டு பாதி, வேறொன்று பாதி என்று எனக்குத் தோன்றியது. ஆப்பிரிக்க வம்சத்தவரும் இந்திய வம்சத்தவரும் அரசியலில் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கும் தேசம் அது. இந்திய அணி வந்து மேற்கிந்திய அணியோடு மோதும்போதெல்லாம் இந்திய வம்சத்தவரில் ஒரு சாரார் விருந்தாளிகளுக்குக் கைதட்டுவது பழைய மனத்தாங்கல்களில் ஒன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 27-ஆம் தேதி காலையில் மழை கொட்டியது. மே முதல் ஆகஸ்டு வரை அங்கே மழைக்காலம். அதைத் தெரிந்துகொண்டே ஆட்டத்தை வைத்தவர்களுடைய துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். 2007-ஆம் வருஷத்து உலகக் கோப்பையை முன்னிட்டு இந்திய அரசாங்கத்தின் உதவியோடு எழுந்த பிராவிடன்ஸ் மைதானம், நகரத்துக்குத் தெற்கே நதியோரச் சாலையில் இருக்கிறது. காத்திருந்த நேரம் வீணாயிற்று என்று சொல்ல மாட்டேன். எனக்கு இரு பக்கமும் நியூயார்க்கிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் வந்த கயானாக்காரர்கள். ஒரு தோளில் இந்தியாவின் மூவர்ணக் கொடியும் மறு தோளில் கயானாவின் பொன்னம்புக் கொடியும் போர்த்துக்கொண்டு, உருளைக்கிழங்கும் கோழியும் சேர்ந்த கறியை ரொட்டியில் சுருட்டித் தின்றுகொண்டும், மதராஸ்காரனான எனக்கும் ஊட்டாத குறையாக உபசரித்துக்கொண்டும் இருந்தார்கள். மழை நின்று வெயில் வந்ததும், வந்த வெயிலை வரவேற்று முழங்கிய மேளம் ஆட்டம் முடிகிறவரை ஓயவில்லை.

ஆட்டத்தைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. பத்திரிகை படிக்கும் அனைவரும் அறிந்ததே. இங்கிலாந்து முதலில் பந்து வீசத் தீர்மானித்தது; எட்டாவது ஓவரோடு மறுபடியும் மழை குறுக்கிட்டது; பந்து தாழ்ந்தும் நின்றும் வந்த அந்த ஆடுகளத்தில் ரோஹித் சர்மா 57 ஓட்டங்களும் சூரியகுமார் யாதவ் 47 ஓட்டங்களும் எடுக்க, இந்தியா 171 வரை சென்றது. அதற்குப் பிறகு அக்ஷர் படேலும் குல்தீப் யாதவும் மும்மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி இங்கிலாந்தை 103-இல் சுருட்டிவிட்டார்கள். நெடுநாள் டெஸ்ட் ஆட்டத்தின் உபாசகனான எனக்கு இருபது ஓவர் ஆட்டத்தில் ரசம் காண்பது கடினம். ஆனால் சுழற்பந்துக்கு மண் இசைந்துகொடுத்த அந்தப் பிற்பகலில், இரண்டு மணி நேரத்துக்குள்ளே ஒரு நான்காம் நாள் ஆட்டத்தின் சாரத்தைப் பிழிந்து தந்தாற்போல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டி தம் வாக்குப்படியே இங்கிலாந்துக்குக் கைதட்டினாரா என்று இரவில் கேட்டேன். பட்லர் அவுட் ஆனதுமே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தேவாலயத்துச் சங்கீதப் பயிற்சிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

பெர்பீஸுக்குப் போகும் சாலை கடலோரமாகவே கிழக்கு நோக்கி ஓடுகிறது. இயன்றவரை ஆட்களை ஏற்றிக்கொண்டு, இயன்றவரை உரக்கப் பழைய ஹிந்திப் பாட்டுகளை முழக்கிக்கொண்டு, இயன்றவரை விரைவாகப் பறக்கும் சிறு பஸ்களில்தான் ஜனங்கள் போகிறார்கள். நானும் அவ்வாறே போனேன். வழியில் வரும் கிராமங்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு தோட்டம். விக்டோரியா என்ற கிராமத்தை, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க அடிமைகள் 1839-இல் தங்கள் சேமிப்பையெல்லாம் ஒன்றுசேர்த்து, சில்லறை நாணயங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்று கொடுத்து விலைக்கு வாங்கினார்கள். இந்திய வம்சத்தவர் வாழும் ஊர் வந்துவிட்டது என்பதை முற்றத்தில் மூங்கில் கழிகளின் மேல் பறக்கும் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமான கொடிகளே அறிவித்துவிடுகின்றன; வீட்டில் பூஜை நடக்கும்போதெல்லாம் அந்தத் தேவதைக்குரிய நிறத்தில் ஒரு கொடி ஏற்றுவது அவர்கள் வழக்கம். மஹைக்கா நதிக்கு இப்பால் யூனிட்டி என்ற மீனவக் கிராமத்தைப் பஸ் கடந்தபோது, பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தட்டி, "சந்தர்பால்" என்று ஒரே வார்த்தை சொன்னார். நண்டுபோல் பக்கவாட்டில் திரும்பி நின்று, பந்து வீச்சாளர்கள் அலுத்துப்போகும் வரை ஆடி, 164 டெஸ்டுகளில் 11,867 ஓட்டங்கள் சேர்த்த அந்த மனிதர் பிறந்த ஊருக்கு அதைவிட நீண்ட விளம்பரம் தேவைதானா?

பெர்பீஸ் நதியை முன்பு படகில் கடந்தார்களாம். 2008 முதல் மிதவைகளின் மேல் கிடக்கும் ஒரு நீண்ட பாலம் இருக்கிறது. அப்பால் நியூ ஆம்ஸ்டர்டாம் பட்டணம். அதைத் தாண்டினால் கோரண்டைன் கரை என்று வழங்கும் கரும்புப் பிரதேசம். அல்பியன் என்ற தோட்டத்தில் ஆலையின் புகைபோக்கி தூரத்திலேயே கண்ணுக்குப் படுகிறது. அங்கே இறங்கினேன்.

நம் தேசத்துக் கிரிக்கெட் பிரியர்கள் 1983 ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸில் நடந்த இறுதியாட்டத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஆனால் அதன் வித்து விழுந்த இடம் இந்த அல்பியன் தோட்டத்து மைதானம் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அதே வருஷம் மார்ச் 29-ஆம் தேதி, இந்தியா மேற்கிந்திய அணியை ஒரு நாள் ஆட்டத்தில் முதன்முதலாக வென்றது இங்கேதான். கவாஸ்கர் 90 ஓட்டங்கள் எடுத்தார். கபில்தேவ் 38 பந்துகளில் 72 ஓட்டங்களை வாரிக் குவித்தார். 47 ஓவர்களில் 282 என்பது அந்தக் காலத்துக்கு ஒரு மலை. லாயிடின் அணி 27 ஓட்டங்கள் குறைந்து நின்றது. வெல்ல முடியாதவர்கள் என்று உலகம் நம்பிய அந்த அணியையும் வெல்லலாம் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் அன்றைக்கு விழாமல் போயிருந்தால், மூன்று மாதத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் நிகழ்ந்தது நிகழ்ந்திருக்குமா என்பது சந்தேகமே. இப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. கரும்புக் கொல்லைகள் எல்லை வரை வந்து எட்டிப்பார்க்க, ஆடுகளத்தின் மேல் ஒரு கன்றுக்குட்டி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. அதைத் துரத்தவந்த மைதானக் காவலர்தான் எனக்கு அன்றைய ஆட்டத்தின் கதையைச் சொன்னார். அப்போது அவர் சிறுவர். "ஆலையே காலியாகிவிட்டது. என் தகப்பனார் கபில்தேவின் ஒவ்வொரு அடிக்கும் எழுந்து கைதட்டினார். லாயிட் மட்டை பிடிக்க வந்தபோதும் எழுந்து கைதட்டினார். யாருடைய பக்கம் என்று பக்கத்திலிருந்தவர் சண்டைக்கு வந்தார். இரண்டும் என் வீட்டுப் பிள்ளைகள்தான், உனக்கென்ன நஷ்டம் என்று கேட்டார் என் தகப்பனார்."

இந்த மனோபாவத்தைத் துரோகம் என்று தூற்றியவர்கள் உண்டு. பரம்பரையாக ஒரு மண்ணில் உழைத்து, அந்த மண்ணையே தாய்நாடாகக் கொண்டுவிட்ட ஜனங்கள், பாட்டனார் கப்பலேறி வந்த தேசத்தின் ஆட்டக்காரர்களைக் கண்டு மகிழ்வதில் குற்றம் காண்பது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. கூர்ந்து பார்த்தால் அந்த மகிழ்ச்சியிலும் ஒரு கணக்கு இருக்கிறது: மேற்கிந்திய அணியில் தங்களவன் ஒருவன் இடம் பெறுவதற்கு அவர்கள் 1950 வரை, டிரினிடாடின் சானி ராமாதின் வரை, காத்திருக்க நேர்ந்தது. அவரும் கான்ஹாயும் வந்தபின், மேற்கிந்திய அணியே தங்கள் அணி என்ற உரிமை அவர்களுக்குப் பூரணமாயிற்று. கைதட்டல் மட்டும் இரண்டு பக்கமும் நிலைத்துவிட்டது.

அல்பியனில் காளி கோயில் ஒன்றுக்கு அந்தக் காவலரே என்னை அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை. சென்னைத் துறைமுகத்தின் வழியாக வந்த சிறு பங்கினர் தங்களோடு கொண்டுவந்த மாரியம்மன் வழிபாடு, கயானாவில் காளி மாயி பூஜை என்ற பெயரில், வட இந்தியப் பிரிவினரும் ஆப்பிரிக்கரும்கூட வந்து வணங்கும் பெரிய சமயமாகத் தழைத்திருக்கிறது. வேப்பிலைக் கொத்தும், மஞ்சள் நீரும், தப்பின் முழக்கமும் என்னைத் திடுமென்று தென்னாற்காட்டுக் கிராமத் திருவிழா ஒன்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்தின. பூசாரியும் தப்படிப்பவர்களும் பாடிய அழைப்புப் பாட்டுகள் தமிழ்தான். செவி வழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்தமையால் பல இடங்களில் உருவம் தேய்ந்திருந்தன. பாடியவர்களுக்கோ பொருள் தெரியாது. நான் மதராஸிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் எல்லோருடைய கண்களும், தாங்கள் பாடுவது சரிதானா என்று கேட்பவைபோல் என்மேல் திரும்பின. அம்மனுக்கு விளங்குகிற பாட்டைத் திருத்த நான் யார்? சரிதான் என்று தலையசைத்தேன். பூஜை முடிந்து, பெரிய ஆம்பல் இலையில் பூசணி, கொண்டைக்கடலை, மாங்காய், கீரை என்று ஏழு வகைக் கறிகளோடு சோறு பரிமாறினார்கள். கையால் பிசைந்து உண்ணும்போது பூசாரி என் அருகே அமர்ந்து, வெகு அந்தரங்கமான குரலில், இந்தியா ஏன் வீராசாமி பெருமாளைப்போல் ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்று விசாரித்தார். பக்கத்துக் கிராமமான பெல்வெடியரின் பிள்ளை; 2021-இல் இலங்கைக்குச் சென்று காலியில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தவர். அக்ஷர் படேல் இருக்கிறாரே என்றேன். பூசாரி அந்தப் பதிலில் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

போர்ட் மோரண்ட் அங்கிருந்து சிறிது தூரம்தான். ஒரே தோட்டக் கிராமம் ஜான் டிரிம், ரோஹன் கான்ஹாய், பாசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் என்று டெஸ்ட் ஆட்டக்காரர்களை வரிசையாகப் பெற்றெடுத்தது என்பது உலகக் கிரிக்கெட்டில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத அதிசயம். செத்தி ஜகன் பிறந்ததும் இதே தோட்டத்தில்தான். இந்த அதிசயத்துக்கு மண்வளம், நீர்வளம் என்றெல்லாம் காரணம் கற்பிப்பவர்கள் உண்டு. தோட்டத்தில் ஒரு நல்ல மைதானம் இருந்தது. கூலிகளின் பிள்ளைகளுக்குக் கரும்பு வெட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாத காலத்தில் அந்த மைதானம் ஒரு வழியாக இருந்தது. 1954-இல் பார்படோஸின் மகத்தான ஆட்டக்காரர் கிளைட் வால்காட்டைச் சர்க்கரை முதலாளிகளின் சங்கம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்க வரவழைத்தது. வால்காட் பெர்பீஸ் பிள்ளைகளுடைய ஆற்றலைக் கண்டறிந்து தலைநகரத்துக்கு எடுத்துரைத்தார். அதுவரை ஜார்ஜ்டவுன் கனவான்களுடைய கண்கள் நதியைத் தாண்டியதில்லை. சர்க்கரை முதலாளிகள் இதைத் தர்மத்துக்காகச் செய்தார்களா, 1948-இல் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஐவரைப் போலீசார் சுட்டுக் கொன்ற பிறகு எழுந்த கோபத்தைத் தணிக்கச் செய்தார்களா என்ற கேள்விக்கு நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை, இரண்டும் கலந்திருக்கலாம். அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை ஆண்ட புக்கர் கம்பெனியே பின்னாளில் இலக்கியத்துக்கு ஒரு பிரசித்தமான பரிசையும் ஏற்படுத்தியது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

மைதானத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எல்லைக்கு வெளியே சிறுவர்கள் தென்னை மட்டையைச் செதுக்கிய மட்டையோடு தங்களுக்கென்று தனியாக ஒரு டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நிழலில் பெஞ்சியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரின் பக்கத்தில் இடம் கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டியவர். கரும்பு ஏற்றிய இரும்புப் படகுகளைக் கால்வாயில் கோவேறு கழுதைகள் இழுத்துச் செல்ல, அவற்றின் பின்னால் நடந்தே வாலிபத்தைக் கழித்தவர். சாலமன் 1960-இல் பிரிஸ்பேனில், பக்கவாட்டில் ஒரே ஸ்டம்பு தெரியும் கோணத்திலிருந்து எறிந்து, மெக்கிஃபை அவுட்டாக்கி, உலகத்தின் முதல் சமநிலை டெஸ்டை முடித்து வைத்ததைப் பற்றி நான் பெருமையாகப் பேசினேன். "அதில் என்ன ஆச்சரியம்? மாங்காய் அடித்துப் பழகியவன்" என்று ஒரே வாக்கியத்தில் அதை முடித்துவிட்டார். கான்ஹாய் என்ற பெயரைச் சொன்னதும்தான் முகம் மலர்ந்தது. பந்தைச் சுழற்றியடித்துவிட்டு அந்த வேகத்திலேயே மல்லாந்து தரையில் விழும் அந்த அடியை, பெஞ்சியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் செய்து காட்டினார். விழாதிருக்க நான் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எந்த ஊர் என்று கேட்டார். மதராஸ் என்றேன்.

"மதராஸா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "1959-இல் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூவரும் அங்கே ஆடினார்கள். புட்சர் 142 அடித்தான். ரோஹன் எவ்வளவு அடித்தான் தெரியுமா?"

"தொண்ணூற்றொன்பது" என்றேன். அதற்கு முந்திய ஆட்டத்தில் கல்கத்தாவில் 256 ஓட்டங்கள் குவித்த கையோடு சென்னைக்கு வந்து, ஓர் ஓட்டம் குறைவில் ஆட்டமிழந்தார் கான்ஹாய். அதை நான் பார்த்ததில்லை. ஆனால் இருபது வருஷங்களுக்குப் பிறகு 1979 ஜனவரியில் சேப்பாக்கத்தில், தலைவராக வந்த காளிச்சரண் தம் அணியின் 228 ஓட்டங்களில் 98-ஐத் தாம் ஒருவராகவே எடுத்ததை, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்தபடி பார்த்திருக்கிறேன். அதையும் சொன்னேன்.

பெரியவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "ரோஹனுக்கு ஒன்று. ஆல்வினுக்கு இரண்டு. ஆக மதராஸ் எங்களுக்கு மூன்று ரன் பாக்கி. இத்தனை வருஷத்துக்கு வட்டி வேறு!"

அசலை உடனே தீர்த்துவிடுவதாகச் சொல்லி எழுந்து, மைதான வாசலில் வண்டியில் விற்றவனிடம் மூன்று இளநீர் வாங்கிவந்தேன். இரண்டை அவர் எடுத்துக்கொண்டு, மூன்றாவதை எனக்குத் தந்தார். வட்டிக்கு அடுத்த முறை வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றார். அதற்குள் மட்டையாளன் ஒருவன் பந்தைக் கரும்புக் கொல்லைக்குள் தூக்கியடித்துவிட, ஆட்டம் நின்றது. தேடப் போனவர்களுக்கு வழிகாட்டுவதாகக் கைத்தடியை ஆட்டிக்கொண்டு பெரியவரும் உரக்கக் கத்தத் தொடங்கினார்.